நீலத் துணிக்குள் அக்கா

எங்கள் பகுதியில் 'ஆடாதீங்க' ஸ்டுடியோ எங்கே என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் கை காட்டுவார்கள். வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 'ஆடாதீங்க' என்பது ஊர் வைத்த பெயர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன். எழுதும்போது அப்படியே இருப்பேன் என்று உறுதி சொல்ல முடியாது.

வீட்டின் முன் அறைதான் ஸ்டுடியோ. ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் சுவரில் தொங்கும் நீலத் துணி, இரண்டு பக்கமும் விளக்கு. பாஸ்போர்ட்டுக்கும் பரீட்சைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அந்த ஸ்டூலில் உட்காராதவர் எங்கள் பகுதியில் குறைவு. உட்கார்ந்தவரின் தாடையை மாமா இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்துவார். "ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க. கண்ண மூடாதீங்க. ஆடாதீங்க." பளிச்சென்று ஒரு வெளிச்சம். எழுந்து போகலாம். அவர் எடுத்த படங்களில் ஊரே ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். கெட்ட செய்தி ஒன்றைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம்.

அக்கா பக்கத்து மேசையில் அந்த முகங்களைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பாள். ஊரில் உள்ள அத்தனை முகமும் அவள் கத்தரிக்கோலுக்குத் தெரியும். அதற்குப் பழக்கமில்லாத ஒரே முகம் அவளுடையதுதான். கல்யாணமான புதிதில் அடையாள அட்டைக்காக மாமா அவளை ஒருமுறை எடுத்தார். அதிலும் இரண்டு காதும் தெரிகிறது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பிரேக் எது என்று மறந்துபோனவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து சேர்த்த கோபம் என்னிடம் நிறைய இருக்கிறது. சாயங்காலம் டீ குடிக்க அக்கா வீட்டுக்குப் போவேன். அந்தக் கோபத்தில் பெரும்பகுதியை மாமாமேல்தான் செலவழித்திருக்கிறேன்.

கைபேசி வந்தது. அரசு அலுவலகங்களே ஆளை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. ஸ்டூல் காலியானது. மத்தியான வேளைகளில் மாமா அதில் தானே உட்கார்ந்து, இரண்டு காதும் தெரியும்படி தூங்கினார்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். ஏதோ வெளிநாட்டு மாநாட்டுக்குப் படம் தேவைப்பட்டது. கூடவே ஒரு கறுப்பு நாய். தனியாக விட்டால் தெருவையே கூட்டிவிடும் என்பதால் போகுமிடமெல்லாம் கூட்டிப்போவார். தன் படம் முடிந்ததும், "இவனையும் ஒண்ணு எடுத்துடுங்களேன்" என்றார்.

மாமா நாயை ஸ்டூலில் ஏற்றினார். பழக்கதோஷத்தில் அதன் தாடையை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்தினார். நாய் அந்த இரண்டு விரலையும் வாயில் வாங்கிக்கொண்டது.

"பயப்படாதீங்க, கடிக்க மாட்டான்" என்றார் டாக்டர். "சும்மா புடிச்சுப் பாக்குறான்."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது டாக்டர். விடச் சொல்லுங்க."

விட்டது. மாமா விடவில்லை. "ஆடாதே" என்று நாயிடம் சொல்லிவிட்டு ஃபிளாஷைத் தட்டினார். நாய் ஒரே பாய்ச்சலில் அக்காவின் மேசைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. அக்கா காலால் அதன் முதுகை நீவிக்கொண்டே முகங்களைக் கத்தரித்தாள். படத்தில் இருட்டு, அதில் இரண்டு பச்சை விளக்கு, கீழே ஒரு நாக்கு. அவ்வளவுதான் விழுந்திருந்தது. மாமா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் உருகிவிட்டார்.

"அவன் மனசு அப்படியே வந்திருக்குங்க!"

படித்த மனிதர். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, பல் பிடுங்க வருபவர்கள் உட்காரும் இடத்தில் மாட்டினார். வலியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே மாதத்தில் ஸ்டுடியோ வாசலில் நாய்கள் வரிசையில் நின்றன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மாமா கற்றுக்கொண்டார். வெறுப்போடுதான் சொல்கிறேன், நன்றாகவே கற்றுக்கொண்டார். ஃபிளாஷை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஜன்னலோரம் பாய் விரித்து, அந்த வெளிச்சத்திலேயே எடுத்தார். நின்றபடி எடுத்தால் நாய்க்குத் தலை பூசணியாகவும் கால் குச்சியாகவும் வருகிறது என்று கண்டுபிடித்து, தொந்தியைத் தரையில் வைத்துப் படுத்தார். கேமராவும் நாயின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கண் தெளிவாக விழுந்துவிட்டால் வால் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்பார். கறுப்பு நாய்க்குப் பின்னால் வெளிறிய துணி, வெள்ளை நாய்க்குப் பின்னால் அடர்ந்த துணி. வந்தவுடன் எடுக்க மாட்டார். நாய் அறையைச் சுற்றி மோந்து பார்க்க வேண்டும், கேமராவை நக்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும். அதுவரை தரையில் காத்துக்கிடப்பார். விழுந்து விழுந்து உபசரிப்பது என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன்.

அதோடு ஒரு குரல். "என் தங்கமே... என் ராஜா... உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாருடா கண்ணு. அவசரமே இல்ல."

அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. முதல் தடவை அதைக் கேட்டபோது அக்கா கத்தரிப்பதை நிறுத்திவிட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தாள்.

நாய்களைச் சமாளித்துவிடலாம், கூட வருபவர்களைத்தான் முடியாது. "இவளுக்கு இடது பக்கம்தான் அழகு" என்பார்கள். நாய்க்கு எது இடது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. ஒரு வக்கீல் தன் பூனை சிரித்தால்தான் படத்தை வாங்குவேன் என்று வாதாடினார். ஓர் அம்மாள் முயலோடு வந்து, அது சோகமாக இருக்கிறது, அதன் சோகம் தெரியாமல் எடுக்க வேண்டும் என்றாள். முயல் சாவகாசமாகக் கீரை மென்றுகொண்டிருந்தது. அம்மாளின் முகத்தில்தான் ஈயாடவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடைய கிளி இரண்டு தடவை வந்து போனபின் வீட்டில் எல்லோரையும் "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அதட்ட ஆரம்பித்ததாகக் கேள்வி. பேராசிரியர் தன் ஆடும் நாற்காலியை விற்றுவிட்டார்.

பூனைகள்தான் மாமாவுக்குப் பிடிகொடுக்கவில்லை. நாய்க்கு ஆசை காட்டலாம். பூனை அறைக்குள் வந்ததும் தனக்கு இங்கே வேலை இல்லை என்று முடிவு செய்துவிடும். ஒரு நாள் ஒரு சாம்பல் நிறப் பூனை நீலத் துணிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மாமா தங்கமே, வைரமே என்று நகைக்கடையையே கூவிப் பார்த்தார். அசையவில்லை. அக்கா எழுந்து துணிக்குப் பின்னால் போனாள். துணி கம்பியோடு கழன்று அவள் தலையில் விழுந்தது. எடுத்துவிடலாம் என்று நான் போவதற்குள், பூனை துணிக்கு மேலே, அவள் மடி இருக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, மகாராணி மாதிரி கேமராவைப் பார்த்தது.

"அசையாத!" என்று மாமா கிசுகிசுத்தார். "அப்படியே இரு!"

அது பூனைக்குச் சொன்னதா அக்காவுக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. படம் பிரமாதமாக வந்தது.

அன்றிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது. பூனை, முயல், மிரண்ட நாய்க்குட்டி எது வந்தாலும் அக்கா நீலத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்காருவாள். மடியில் பிராணி. துணி வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து அதன் கழுத்தைத் தாங்கும். அக்காவிடம் பிராணிகள் அடங்கிப் போனதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்த அறையில் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரே ஆள் அவள்தான். படம் எடுத்தபின் மாமா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, துணியின் மடிப்பைச் சமப்படுத்தி, அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக அழிப்பார்.

ஒரு சாயங்காலம் டீயோடு அவர் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். சுண்டுவிரல் போனது. மோதிர விரல் போனது.

"மாமா, அது அக்கா கை."

"தெரியும் மாப்ள. பூனைக் கழுத்துல அஞ்சு விரல் இருந்தா எவன் வாங்குவான்?"

"ஒரு நாளாவது முழுசா ஒரு படம் எடுத்துக் குடுக்கலாம்ல?"

"யாருக்கு?"

நான் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே நின்றிருந்தால் கம்ப்யூட்டரில் ஊற்றியிருப்பேன்.

படம் எடுக்கச் சொல்லி அக்காவே கேட்டும் இருந்தாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு நகரத்தில் இருக்கிறாள். புது வீட்டின் கூடத்துச் சுவரில் குடும்பப் படங்களை மாட்டியிருக்கிறாளாம். மாமியார் அருவிக்கு முன்னால் காற்றில் முடி பறக்க நிற்கிறாராம். மாமனார் மீன் பிடிக்கிறாராம். இந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் படம் ஒன்று போயிற்று, கேமராவோடு கம்பீரமாக. அம்மாவுக்கு? அக்கா தேடித் தேடி அந்த அடையாள அட்டைப் படத்தைத்தான் அனுப்பினாள்.

மகள் போனில் அழாத குறை. "அம்மா, இதப் போலீஸ் ஸ்டேஷன்லதான் மாட்டணும். கூடத்துல எப்படி மாட்டுறது? உனக்குன்னு ஆணி அடிச்சு வச்சிருக்கேன். அப்பா என்ன, ஊர்ப் பூனையெல்லாம் எடுக்குறாரு, உன்ன எடுக்க மாட்டாரா?"

"எடுப்பாருடி. வேலை கொஞ்சம் குறையட்டும்."

அக்கா எதற்கும் ஆசைப்படுகிற ஆள் கிடையாது. இதற்கு ஆசைப்பட்டாள். எனக்கு அது தெரிந்தது, ஏனென்றால் அவள் தலையை வேறு மாதிரி வார ஆரம்பித்தாள். நல்ல உடையை உடுத்திக்கொண்டு காலையிலேயே மேசையில் உட்காருவாள். "என்னங்க, இன்னைக்கு..." என்பாள். "நாளைக்கு நிதானமா எடுப்போம்" என்பார் மாமா. அதற்குள் ஏதாவது பூனை வந்துவிடும். அக்கா நல்ல உடையோடு நீலத் துணிக்குள் போவாள். வெளியே வரும்போது முடி கலைந்து, முகம் வியர்த்து, உடையெல்லாம் ரோமமாக இருக்கும். அன்றைய கணக்கு அதோடு முடிந்தது.

கடைசியில் ஒரு நாள் எடுத்தார். நான் இருந்தேன். ஒரு நாய்க்கும் ஒரு முயலுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்தார். தரையில் படுக்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. தாடையை இரண்டு விரலால் பிடித்தார். "நிமிரு. சிரிக்காத. கண்ண மூடாத. ஆடாத." பளிச். பூட்டிவைத்த ஃபிளாஷை இதற்கென்று வெளியே எடுத்திருந்தார். அக்கா இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை.

மகள் போன் செய்தாள். "அம்மா, இது பாஸ்போர்ட்டுக்கா?"

பத்து நாள் கழித்து மறுபடி போன். ஆணி சும்மா இருக்கிறதே என்று மாமியார் அதில் காலண்டரை மாட்டிவிட்டாராம். அக்கா அதற்குச் சிரித்தாள். போனை வைத்தபின் சிரிக்கவில்லை.

இதற்கிடையில் செல்லப் பிராணிகளுக்குத் தீனி தயாரிக்கும் ஒரு கம்பெனி படப்போட்டி வைத்தது. மாமா ஒரு கிழட்டுப் பூனையின் படத்தை அனுப்பினார். முதல் பரிசு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கோட்டு தைத்தார். பேட்டி எடுக்க வந்த இளம்பெண்ணிடம், "பிராணிக்கும் எனக்கும் நடுவுல மூணாவது ஆளே கிடையாதுங்க" என்றார். மூன்றாவது ஆள் அந்தப் பெண்ணுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பரிசளிப்பு விழா ஒரு பெரிய அரங்கில் நடந்தது. நானும் அக்காவும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களைச் சுற்றி நல்ல உடை உடுத்திய மனிதர்கள், அவர்களைவிட நல்ல உடை உடுத்திய நாய்கள். மேடைக்குப் பின்னால் பரிசு பெற்ற படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். திரையை விலக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"டேய், பூனைத் தாடைக்குக் கீழ பாரு."

பார்த்தேன். ரோமத்துக்கு நடுவில் வெளிர் நிறத்தில் ஏதோ ஒன்று. சாதாரண அளவில் கண்ணுக்கே படாது. சுவர் உயரத்தில் அது ஒரு கட்டைவிரல். நகம் தெரிந்தது. நகத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தீக்காயத் தழும்பு. எல்லா விரலையும் அழித்த மாமா அந்த ஒன்றை விட்டுவிட்டார்.

"என் விரல்டா" என்றாள் அக்கா. "நான் இருக்கேன்டா அதுல."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு கட்டைவிரலுக்கு. நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் அருகே போனார். "அற்புதம். ஒரு சின்ன சந்தேகம். தாடைக்குக் கீழ இளஞ்சிவப்பா ஒண்ணு தெரியுதே, அது என்னங்க?"

மாமா திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல அந்த ஒரு கணம் போதும். இரண்டாவது வரிசை பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டிக் காட்டினால் முடிந்தது.

"அது பூனையோட கழுத்துப்பட்டைங்க" என்றார்.

அக்காவின் கை என் முழங்கையிலிருந்து விலகியது. நான் எழுந்து கத்தியிருப்பேன். எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வாழ்க்கையில் கூட இருப்பவர்களுக்கு அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

அடுத்தது செயல்முறை விளக்கம். கம்பெனி முதலாளியின் மனைவி தன் பூனையைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று, தலையணை பருமன். 'பாப்பா' என்று கூப்பிட்டார். மாமா புதுக் கோட்டோடு மேடையில் குப்புறப் படுத்தார். "தங்கமே, என் ராஜாத்தி..." பாப்பா அவர் முதுகில் ஏறி நடந்து, கோட்டின் மேல் நகத்தைத் தீட்டிப் பார்த்து, தோளிலிருந்து திரைச்சீலைக்குத் தாவித் தொங்கியது. இறக்கினார்கள். மறுபடி ஏறியது. மாமா தங்கம், வைரம், முத்து என்று வரிசையாகச் சொல்லித் தீர்த்தார். கூட்டத்தில் ஒரு நாய் குரைத்தது. அதை மற்ற நாய்கள் ஆமோதித்தன. முதலாளியின் மனைவி முகம் சிவந்துவிட்டது. மாமாவின் நெற்றியில் வியர்வை. பரிசுக் கோப்பையை இன்னும் கையில் கொடுக்கவில்லை.

அப்போது மாமா இரண்டாவது வரிசையைப் பார்த்தார். பையைத் திறந்து நீலத் துணியை எடுத்து, கெஞ்சலாகச் சற்றே தூக்கிக் காட்டினார்.

"போகாதக்கா" என்றேன்.

அக்கா எழுந்தாள். படியேறினாள். திரைச்சீலையில் தொங்கிய பாப்பாவைக் கழுத்தைத் தடவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அது உடனே அடங்கியது. அரங்கில் "ஓ" என்று ஒரு சத்தம். மாமா துணியை நீட்டினார். அக்கா வாங்கினாள். உதறினாள். நான்காக மடித்தாள். மேடை நாற்காலியின் கையில் தொங்கவிட்டுவிட்டு, பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"துணி..." மாமா கிசுகிசுத்தார். அவர் சட்டையில் ஒலிவாங்கி மாட்டியிருந்ததை மறந்துவிட்டார். அரங்கு முழுக்கக் கேட்டது. "துணியப் போத்திக்கோ."

"வேணாங்க" என்றாள் அக்கா. "கழுத்துப்பட்டையோட மீதியும் வரட்டும்."

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தழும்போடு. பின்னால் சுவர் உயரத்தில் அதே தழும்பு. புரிந்துகொள்ளக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் பல் டாக்டர் சிரித்தார், அவருடைய கறுப்பு நாயும் வந்திருந்தது. அப்புறம் எல்லோரும். நடுவர் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாமா தரையில் குப்புறக் கிடந்தார். எழுந்தால் அவமானம், கிடந்தால் அதைவிட அவமானம். கேமராவைக் கண்ணில் வைத்தார். அது ஒன்றுதான் அவருக்கு ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். "நிமி..." என்று ஆரம்பித்து விழுங்கினார். அக்கா நிமிரவில்லை. கோபமாக உட்கார்ந்திருந்தாள். அவர் காத்திருந்தார். நாய்க்கும் பூனைக்கும் காத்துக்கிடந்த மாதிரியே காத்திருந்தார். கூட்டம் நெளிந்தது, ஒருவர் இருமினார், அமைப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமா அசையவில்லை. அக்காவின் தோள் மெல்ல இறங்கியது. அவள் பூனையின் காதைச் சொறிந்தாள். பிறகு ஒலிவாங்கியில் மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டது.

"அவசரமே இல்ல. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாரு."

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா எழுந்து, முன்காலால் அவள் கன்னத்தில் ஒரு தட்டு தட்டியது. அக்கா சிரித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு காது மட்டும் தெரிய. கேமரா சத்தம் கேட்டது.

கோப்பையைக் கொடுத்தார்கள், கொடுக்காமல் இருக்க முடியாதே. மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு காரில் பின் சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில். நான் ஓட்டினேன். பாதி வழி வந்திருந்தோம்.

"அந்தத் தழும்பு..." என்றார் மாமா. "அது எப்ப வந்துச்சு?"

"மக வயித்துல இருக்கும்போது. அடுப்புல சுட்டுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியாதே."

"தினமும் அழிச்சீங்களே" என்றாள் அக்கா. "பாத்துத்தானே அழிச்சிருப்பீங்க."

கண்ணாடியில் பார்த்தேன். மாமா கோப்பையை மடியிலிருந்து காலடிக்கு இறக்கி வைத்திருந்தார். அவள் கையை எடுத்து, கட்டைவிரலை விளக்கு வெளிச்சம் வரும்போதெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன். என் மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதனால் மாமா ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுவாரமே பேட்டியில், மனைவியை மேடையேற்றுவது தான் முன்கூட்டியே போட்டிருந்த திட்டம் என்று கூசாமல் சொன்னார். பூனைகளும் வந்தபடி இருந்தன. ஆனால் அக்கா துணிக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெளிச்சம் பார்ப்பதும் வாடிக்கையாளர்களின் வாயை அடைப்பதும் இப்போது அவள் வேலை. துணிக்குள் யாராவது இருந்தாக வேண்டுமே. விடுமுறை நாளில் டீ குடிக்க வந்த என் தலையில் அது விழுந்தது.

அப்படி ஒரு நாள் நான் உள்ளே வியர்த்து ஊற்றிக்கொண்டு, சோகமான அந்த முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவின் போன் அடித்தது. தீனிக் கம்பெனி. சத்தமாக வைத்துப் பேசினார். மேடையில் எடுத்த படத்தை அடுத்த வருஷக் காலண்டரில் போட விரும்புகிறார்களாம்.

"ஒரே ஒரு விஷயங்க" என்றது மறுமுனை. "எங்க காலண்டர்ல பிராணிங்க மட்டும்தான் வரும். அந்த அம்மாவ மட்டும் அழிச்சுக் குடுத்துடுவீங்களா? உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

துணிக்குள்ளிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் நிற்கிறாள் என்பது மட்டும் தெரியும். மாமா தொண்டையைச் செருமினார்.

"முடியாதுங்க. வேணும்னா பூனைய அழிச்சுத் தரேன். அது ஆடிடுச்சு."

போனை வைத்தார். மகள் வீட்டுக் கூடத்து ஆணியில் அந்த மேடைப் படம் ஏறி, காலண்டர் சமையலறைக்குப் போய்விட்டதும், மாமியார் அந்தப் படத்தின் முன்னால் நின்று "என்னையும் இப்படி எடுப்பாரா?" என்று கேட்டதும் அன்றைக்குக் காலையில்தான் எங்களுக்குத் தெரிய வந்திருந்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய், ஆடாதடா. முயல் மிரளுது."

நான் ஆடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்ததில் முயல்தான் ஆடிவிட்டது.